பகாவ் பக்கத்துப் பெரியவருக்கு நன்றி

ஐயா, பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. பழைய ரயில் தடத்தைத் தேடி நடந்து, கூடாரம் போட்டுத் தங்க எங்களுக்கு வழி சொன்னதற்கு நன்றியை மட்டும் வைக்கிறோம்.

ஜப்பான்காரன் காலத்தில், மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருந்த பகாவ்–கோலா பிலா கிளை ரயில் பாதையின் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. அந்தத் தடத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் சொன்ன அடையாளம்தான் சரியானது: தோட்டத்து லோரிப் பாதை ஏறி இறங்கும், சட்டென்று திரும்பும், ரயில் மேடு ஒரே மட்டமாகப் போய், நீளமாக, மெதுவாக வளையும்.

கூடாரத்தை மேட்டின் மேல்தான் போட வேண்டும். சாயங்கால மழையில் பக்கத்துக் கால்வாய் நிரம்பிவிடும். ஆனால் சரளைக்கல்லில் கூடார முளை இறங்காது. அரிசிச் சாக்கில் கல் நிரப்பிக் கயிற்றை அதில் கட்டச் சொன்னீர்களே, அது பெரிய உதவி. கிழட்டு ரப்பர் மரத்தின் அடியில் படுக்கவே கூடாது, காற்றடித்தால் கிளை முறியும். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைக் குவியலில் கால் வைக்கக் கூடாது. முள் ஒரு பக்கம், எலி தேடிவரும் நாகம் இன்னொரு பக்கம்.

அட்டை கடிக்காமல் இருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, மேலே சவர்க்காரம் தேய்க்க வேண்டும். மழையில் கரைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது. இதை வேறு யாரும் எங்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை.

தோட்டத்து ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்கித் தந்ததற்கும் நன்றி ஐயா. இரவில் பன்றி வேட்டைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் அங்கே படுத்திருப்பது தெரிய வேண்டுமே!