லாக் எழுதுகிற நிரலையும் ஒரு ராத்திரி ஓட விட்டுப் பாருங்கள்

மதுரை இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களிலும், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் மாடி வாடகைக்கு எடுத்து நடக்கும் சின்னக் கம்பெனிகளிலும் ரிலீஸுக்கு 'ஓகே' சொல்லும் டீம் லீடுகளுக்கு,

வணக்கம்.

போன தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் விடியற்காலை நாலரை மணிக்கு எனக்கு போன் வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். "தம்பி, எடை போட்டா ஏற மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு. யாவாரிக எல்லாம் நிக்கிறாக." பனிக்கு வரத்து குறைந்து மல்லி விலை எகிறிக் கிடந்த நேரம். அன்றைக்கு அவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கணக்கை முடித்தார்கள்.

எடை பதியும் அந்த நிரல் எங்கள் டீம் பைத்தானில் எழுதியது. 2 ஜிபி மெமரி உள்ள சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், மெமரி தீர்ந்ததும் நிரல்களை நிறுத்துகிற லினக்ஸின் ஓஓஎம் கில்லர் அதைக் கொன்று போட்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் எதுவும் நடக்காதது போல ஓடியது. அதனாலேயே நாங்களும் மறந்துவிட்டோம். ஒன்பதாம் நாள் மறுபடி விழுந்தது.

டேட்டாபேஸ், வெப் ஃப்ரேம்வொர்க் என்று மூன்று நாள் தேடினோம். லாக்கிங், அதாவது நிரல் செய்வதை வரி வரியாகக் குறித்து வைக்கும் பகுதி. அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரச்சினை வந்தால் துப்புக் கொடுக்கிற ஆளையே எப்படிச் சந்தேகப்படுவது?

நடந்தது இதுதான். கடையின் போன் சர்வரோடு இணைகிற ஒவ்வொரு தடவையும், கடை எண்ணையும் நேரத்தையும் சேர்த்து ஒரு புதுப் பெயரில் லாகர் (லாக் எழுதும் பொருள்) உண்டாக்கினோம். தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு, புது லாகர். பைத்தானின் லாக்கிங் மாட்யூல், உண்டான லாகர் ஒவ்வொன்றையும் பெயரோடு ஓர் அகராதியில் வைத்துக்கொள்கிறது. நிரல் ஓடும் வரை விடுவதில்லை. இது பிழை அல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. 2003-இல் பைத்தான் 2.3-உடன் வந்த மாட்யூல் அது. இணைப்புக்கு ஒரு லாகர் வேண்டாம், ஒரே லாகரில் இணைப்பு விவரத்தைச் சேர்த்துத் தரும் லாகர்அடாப்டரைப் பயன்படுத்துங்கள் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு லாகரிலும், வரிகளை மெமரியில் சேர்த்து வைக்கும் ஒரு மெமரிஹேண்ட்லரை மாட்டியிருந்தோம். நூறு வரி சேர்ந்தாலோ, எரர் ஒன்று வந்தாலோதான் அது கையில் இருப்பதைக் கொட்டும். நாற்பது வரி எழுதிவிட்டுத் துண்டித்துப் போன இணைப்பின் நாற்பது வரியும் அப்படியே உள்ளே தங்கிப்போனது. க்ளோஸ் செய்ய ஆளில்லை.

இத்தனைக்கும் எங்களிடம் டெஸ்ட் இருந்தது. ஒரே லாகர், ஆயிரம் வரி, நாலு நிமிஷம், எல்லாம் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எங்கள் லீடும் ஓகே சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

உங்களிடம் கேட்க வந்தது இங்கேதான் இருக்கிறது. 'மெமரி லீக் செக் பண்ணியாச்சு', அதாவது வேலை முடிந்தும் விடுபடாத மெமரி இல்லை என்று டெஸ்டர் சொன்னால், எதைக் கொண்டு பார்த்தார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். லீக் தேடும் கருவிகளான வால்கிரைண்ட், லீக்சானிடைசர் இரண்டும் தேடுவது யார் கையிலும் சுட்டி (மெமரியின் முகவரி) இல்லாமல் தொலைந்துபோன மெமரியை. சி, சி++ லைப்ரரிகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் தொலைந்த சாமான் வேறு, பரணில் ஏற்றி மறந்த சாமான் வேறு. எங்கள் லாகர்கள் எல்லாம் பரணில் பத்திரமாகத்தான் இருந்தன. வால்கிரைண்ட் மொழியில் சொன்னால் அது 'ஸ்டில் ரீச்சபிள்', அதாவது இன்னும் கைக்கு எட்டும் மெமரி. தொலைந்தது பூஜ்யம் என்று அறிக்கை வரும். மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பரணைப் பார்க்க வேறு வழி வேண்டும். பைத்தானுக்கு 3.4 பதிப்பிலிருந்து, மெமரி எந்த வரியில் எடுக்கப்பட்டது என்று குறித்து வைக்கும் ட்ரேஸ்மாலாக் கூடவே வருகிறது. முதலில் சில ஆயிரம் இணைப்புகளை ஓட்டி நிரலைச் சூடேற்ற வேண்டும். கேஷ் (மறுபடி பயன்படுத்த எடுத்து வைக்கும் மெமரி) எல்லாம் நிரம்பட்டும். அப்புறம் அந்த நேரத்து மெமரி நிலையை ஒரு ஸ்னாப்ஷாட், இன்னும் பத்தாயிரம் இணைப்பு, மறுபடி ஒரு ஸ்னாப்ஷாட். இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வரி எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று வரி எண்ணோடு காட்டும். லினக்ஸின் டாப் கமாண்ட் காட்டும் நிரலின் மொத்த மெமரி அளவை மட்டும் நம்பாதீர்கள். விடுவித்த மெமரியைப் பைத்தான் உடனே இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுத்துவிடாது. அந்த எண் இறங்காததாலேயே லீக் என்று சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது ஏற்றத்தை: பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையில் ஏறிய அதே அளவு இருபதுக்கும் முப்பதுக்கும் இடையிலும் ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

டெஸ்டில் இணைப்பு ஒவ்வொன்றும் புதுசாக இருக்கட்டும், பாதியில் அறுந்துபோகட்டும். ஒரே இணைப்பில் பத்து லட்சம் வரி எழுதினாலும் எங்கள் லீக் சிக்கியிருக்காது.

லாக் போய்ச் சேரும் இடத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்கிப் பாருங்கள். வரிகளை க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுப் பின்னால் எழுதுகிற லாக்கிங் என்றால், அந்த க்யூவுக்கு வரம்பு இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. வரம்பில்லாத க்யூவும் திணறும் டிஸ்க்கும் சேர்ந்தால் லீக்கே இல்லாமல் மெமரி தீர்ந்துபோகும். ஹேண்ட்லர் (லாக் வரியைச் சேரும் இடத்துக்கு அனுப்பும் பகுதி) திறந்த ஃபைல்களையும் எண்ணச் சொல்லுங்கள். பல லினக்ஸ் சர்வர்களில் ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) திறந்து வைக்கும் ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024தான்.

'மெமரி மலிவுதானே, 4 ஜிபியாக்கிவிடலாம்' என்று எங்கள் மீட்டிங்கிலும் ஒருவர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒன்பது நாளில் விழுவது பதினெட்டு நாளோ கொஞ்சம் கூடவோ கழித்து விழும், அவ்வளவுதான்.

உங்கள் ரிலீஸ் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: 'லாக்கிங்கோடு சேர்த்து ஒரு ராத்திரி ஓடியதா, மெமரி ஏற்றம் எவ்வளவு?' அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். எங்கள் டெஸ்ட் ஸ்க்ரிப்ட் அறுபது வரிகூட வராது. கேட்கிற டீமுக்கு வந்து உட்கார்ந்து ஓட்டியே காட்டுகிறேன். சனிக்கிழமை தோதுப்படும். முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம். அன்றைக்கு நான் மார்க்கெட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணி பக்கத்திலிருந்து ஒரு நிரலர்