பார்சலில் வராத ருசி

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை.

அந்த பெல்ஜியத் துறவிகளின் பியர் ஒரு போத்தலை யாரோ பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே மகன். காசைப் பார்த்துச் சொல்லவில்லை. வெஸ்ட்விளெட்டரன் மடத்தில் அந்தத் துறவிகள் தாங்கள் சீவிக்கத் தேவையான அளவுக்குத்தான் காய்ச்சுகிறார்கள். கேட்பவர்கள் கூடிவிட்டார்கள் என்று அவர்கள் அடுப்பைப் பெருப்பிக்கவில்லை. நீண்ட காலம் போத்தலில் லேபல்கூட ஒட்டியதில்லை, மூடியைப் பார்த்துத்தான் எது எது என்று அறிய வேண்டியிருந்தது. வாங்குகிறவனிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: இதை மறுபடி விற்காதே. மடத்தின் கூரையையும் சுவரையும் புதுப்பிக்கக் காசு தேவைப்பட்டபோது, 2012இல் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். மறுபடி விற்காதே என்ற சொல்லை மீறி வந்த போத்தலைத் திறந்து நீ என்னத்தை ருசிக்கப் போகிறாய்? நீ இருக்கும் கொலோனில் இருந்து போகக்கூடிய தூரம்தானே. மடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடிக்க இடம் இருக்கிறது. பக்கத்துப் பொப்பரிங்கே ஊரைச் சுற்றி, பியருக்குக் கசப்பு தரும் ஹொப்ஸ் கொடி படர்ந்த தோட்டங்கள். ஆறுதலாகப் போய், ஒரு கிளாஸ் குடித்து, ஊரையும் பார்த்துவிட்டு வா.

கிடைப்பதற்கு அரிது என்றால் ஏன் அரிது என்று முதலில் கேள். வரிசை நீளம் என்பதால் அரிதானதை விடு. அந்த இடத்தையும் அந்தக் காலத்தையும் விட்டு வெளியே வர முடியாதபடி ஒன்று இருக்குமே, அதைத் தேடிப் போ. நீ பெரியம்மாவின் மகனிடம் கொடுத்துவிட்ட கூஸ் என்ற பெல்ஜியப் புளிப்புப் பியர்ப் போத்தல் அந்த வகை. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

பயணத்தில் அடி மண்டி கலங்கியிருக்கும் என்று இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். பிரிட்ஜில் வைக்கவில்லை. அந்தக் குளிரில் நாக்கு விறைத்துப்போய்ப் புளிப்பு மட்டும்தான் தெரியும். சமையலறை மூலையில் இருக்கும் மண்பானைத் தண்ணீருக்குள் கழுத்தளவு இறக்கி வைத்தேன், பக்குவமான குளிர் பிடித்தது. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே தக்கை. அதை இழுத்ததும் வந்த மணத்தை உன் அம்மா தூர நின்றே பிடித்துவிட்டா: "மாட்டுக் கொட்டிலில் யாரோ தேசிக்காய் வெட்டின மாதிரி இருக்கு." அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. நாக்கில் முதலில் புளிப்பு, பிறகு பழைய மரப்பெட்டியின் வாசம், கடைசியில் ஒரு சொட்டு இனிப்பும் இல்லாத வறட்சி. சூடை மீன் பொரித்துத் தந்தா. பொரியலின் எண்ணெயை அந்தப் புளிப்பு அப்படியே அறுத்துக்கொண்டு போனது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வாசித்தபோது முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவனுக்கே உடம்பு சிலிர்த்தது. மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, மிச்சம் முளைகட்டாத கோதுமை. கசப்பு போகட்டும் என்று பழசாக்கிய ஹொப்ஸ். கொதித்த சாற்றை கூரைக்கடியில், அகலமான ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்க திறந்து விடுகிறார்கள். ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் காற்றிலும் அந்தக் கட்டடத்தின் மரத்திலும் பீப்பாயிலும் குடியிருப்பவை தாமே வந்து இறங்குகின்றன. அதில் ஒன்றான பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டை 1904இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் கிளாசன் என்பவர் அடையாளம் கண்டார். அம்மாவுக்கு மணத்த மாட்டுக் கொட்டில் அதன் வேலைதான். இப்படிப் புளித்ததற்கு லம்பிக் என்று பெயர்; ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பீப்பாயில் கிடந்தவற்றைக் கலந்தால் கூஸ். இளசில் மிஞ்சிய சீனி போத்தலுக்குள் நுரையைத் தருகிறது, முதிர்ந்தது ருசியைத் தருகிறது. குளிர்கால இரவுகளில் மட்டும்தான் காய்ச்சலாம். 2015 நவம்பரில் சூடு தணியவில்லை என்று பிரசல்ஸின் கன்டியோன் ஆலை காய்ச்சுவதையே நிறுத்தி வைத்தது. 1900இல் தொடங்கிய ஆலை அது. ஒரு குளிரான இரவுக்காக ஒரு தொழிற்சாலை காத்திருக்கிறது என்றால் பார்.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன். போன கிழமை நிலாவெளிப் பக்கம் போயிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். சீவுகிறவர் மரத்தால் இறங்கி, இடுப்பில் கொழுவியிருந்த முட்டியைக் கழற்றி வைத்தார். வாய் நிறைய வெள்ளை நுரை, அதில் நாலைந்து தேனீ, எறும்பு. தென்னம் பன்னாடையால் வடித்துத் தந்தார். பனங்கள்ளு. வாய்க்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் இனிப்பு, பின்னால் இலேசான புளிப்பு, நடுவில் பச்சை நுங்கின் வாசம். பத்து மணிக்கு அதே முட்டியில் கேட்டு வாங்கிக் குடித்தேன், இனிப்பு பாதி போய்விட்டது. பின்னேரம் அது வேறு ஒரு குடிவகை. மறுநாள் விட்டால் வினாகிரி.

அவர் முட்டியைத் தேய்த்துக் கழுவுவதில்லை. அடியில் நேற்றையது கொஞ்சம் நிற்கும், அதுதான் இன்றைய சாற்றுக்கு விதை. உள்ளே சுண்ணாம்பு பூசினால் அந்த விதை வேலை செய்யாது, புளிக்காத கருப்பணியாகவே இறங்கும். சாற்றில் உள்ள சீனியை ஈஸ்ட் மட்டும் தின்பதில்லை, சைமோமோனஸ் என்ற பக்டீரியாவும் சேர்ந்து தின்கிறது. மெக்சிக்கோவில் கற்றாழை இனச் சாற்றில் இறக்கும் புல்க்கேயிலும் இதே ஆள்தான். பியர் காய்ச்சுகிறவர்களுக்கு இது எதிரி, உள்ளே புகுந்தால் கூழ்முட்டை நாற்றம் வரும். ஆனால் பார்லிச் சாற்றின் முக்கியச் சீனியான மோல்ட்டோசை இதனால் தின்ன முடியாது, அதனால் அங்கே பெரிதாகத் தலையெடுப்பதில்லை. பனையின் சுக்குரோஸ் இதற்கு விருந்து. லம்பிக்கும் கள்ளும் இரண்டும் காற்றை நம்பியவை. ஆனால் ஒன்று மூன்று வருடம் பொறுக்கும், மற்றது மூன்று மணித்தியாலம் பொறுக்காது. கள்ளைப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்தான். சூடாக்கி உயிரை அடக்கினால்தானே அது போத்தலுக்குள் இருக்கும். நான் உனக்குச் சொல்கிறது அதை இல்லை.

அடுத்து உனக்கு ஒரு வேலை. நோர்வேயில் வொஸ் பக்கத்துப் பண்ணை வீடுகளில் குவைக் என்று ஒரு ஈஸ்ட் வைத்திருக்கிறார்கள். மரத்தில் செதுக்கிய வளையங்களில் தோய்த்துக் காயவைத்து, தலைமுறையாகக் கைமாற்றி வருகிறார்கள். ஒரு வீட்டில் கெட்டுப்போனால் அயலில் வாங்குவார்கள். அது 40 பாகைச் சூட்டிலும் நன்றாகப் புளிக்கும். அந்தக் குளிர் தேசத்தில் நம் கச்சான் வெயிலைத் தாங்குகிற ஈஸ்ட் எப்படி வந்தது என்று எனக்கு ஒரே யோசனை. பால் கறந்த சூட்டிலேயே போடுவதுபோல, சாறு முழுக்க ஆறமுன்னமே ஈஸ்ட்டைப் போட்டுப் பழக்கிய பழக்கம் காரணமாக இருக்கலாம். அங்கே போக முடிந்தால் போய், யாராவது பண்ணைக்காரர் வீட்டில் குடித்துப் பார்த்து எனக்கு எழுது.

பக்கத்தில் இருப்பதையும் தவறவிடாதே. லைப்சிக்கின் கோசே, உப்பும் கொத்தமல்லியும் போட்ட புளிப்புப் பியர். 1966இல் காய்ச்சுவாரில்லாமல் நின்றுபோய், எண்பதுகளில் மீண்டும் வந்தது. நம் நாட்டு லயன் ஸ்டவுட்டையும் அங்கே கண்டால் வாங்கிக் கூட்டாளிகளுக்குக் கொடு. பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் பலர் அதைத் தேடினார்கள். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர் அதற்கு முன்பு நுவரெலியாவில் பியர் காய்ச்சியவர் என்பதையும் சேர்த்துச் சொல்.

ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவாகச் சொல்கிறேன். துறவிகளின் அந்தப் பியர் 10.2 சதவீதம், ஸ்டவுட் 8க்கு மேல். ருசி பார்க்க ஒரு சின்னக் கிளாஸ் போதும், அதையும் நாலு பேர் பகிர்ந்து குடியுங்கள். சாப்பிடாமல் குடிக்காதே, குடித்துவிட்டு வாகனத்தில் கை வைக்காதே. திகதி, ஊர், என்ன சாப்பாட்டோடு குடித்தாய் என்று அன்றைக்கே குறித்து வை. பச்சைப் போத்தலை வெயில் படும் யன்னலோரம் வைக்காதே. ஹொப்ஸின் கசப்பு வெளிச்சத்தில் உடைந்து நாறும்.

லீவை ஆடியில் எடுக்க நினைப்பதாக எழுதியிருந்தாய். பங்குனி கடைசிக்கு மாற்றிப் பார். அப்போது பனை நன்றாக இறங்கும். போயா (பௌர்ணமி) நாளில் வந்திறங்காதே, கள்ளுத் தவறணை பூட்டு. வரும்போது செரிப்பழம் போட்ட கிரீக் என்ற லம்பிக் ஒரு போத்தல் மட்டும் கொண்டு வா, அம்மா கேட்டா. அவ கள்ளு வாங்கி மா புளிக்கவைத்து அப்பம் சுடுவதாகச் சொல்லியிருக்கிறா. நீ காலை ஆறரைக்கே என்னோடு நிலாவெளிக்கு வர வேண்டும், பிந்தி எழும்பினால் பத்து மணிக் கள்ளுத்தான் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா