முதல் தற்காலிகச் சாயத்துக்கு முன்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி நாட்களிலிருந்தே நீ சொல்லிக்கொண்டிருந்த ஆசை நிறைவேறி, சிகையலங்காரப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. நானும் இப்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, புதிதாக வருபவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். அதனால் நீ கேட்ட கேள்வி, வகுப்பில் அன்றாடம் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வியாகவே இருந்தது. ஒரே அலசலில் போய்விடும் தற்காலிகச் சாயத்துக்கு எதற்காகப் பரிசோதனை, கையுறை, பதிவு அட்டை என்று இத்தனை முன்னேற்பாடு என்று கேட்டிருந்தாய். உன் ஆசிரியை செய்வது முற்றிலும் சரி என்பதே என் பதில். ஒரே அலசலில் போகும் என்ற உறுதியைச் சாயப்புட்டி மட்டும் தந்துவிட முடியாது. அது எந்த முடியின்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தே அந்த உறுதி நிற்கும்.

முடி இழையின் வெளிப்புறத்தில், ஓடு வேய்ந்த கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் இருப்பதையும், அதற்கு க்யூட்டிகிள் என்று பெயர் என்பதையும் இதற்குள் படித்திருப்பாய். அதற்கு உள்ளேதான் கார்டெக்ஸ் இருக்கிறது. முடிக்கு இயற்கை நிறம் தரும் மெலனின் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நிரந்தரச் சாயம் அம்மோனியா போன்ற காரப்பொருளால் அந்தச் செதில்களைத் திறந்து, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு உள்ளே சென்று நிறமாக உருவாகிறது. தற்காலிகச் சாயத்தின் நிற மூலக்கூறுகளோ பெரியவை. ஆரோக்கியமான முடியின் மூடிய செதில்களைத் தாண்ட முடியாமல் அவை வெளியிலேயே படலமாகப் படிந்திருந்து, அடுத்த ஷாம்புவோடு போய்விடுகின்றன. ஆனால் ப்ளீச் செய்த முடியிலும், ரசாயனத்தால் நேராக்கிய முடியிலும், முடியை நேராக்கவோ சுருட்டவோ பயன்படும் சூடான அயர்ன் ஓயாமல் பட்டு வறண்ட முடியிலும் செதில்கள் தூக்கியும் உடைந்தும் இருக்கும். அந்த இடுக்குகளில் புகுந்த நிறம் பல அலசல்களுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். நுனிப்பகுதி வயதான முடி என்பதால் அங்கே பாதிப்பு அதிகம். ஆகவே ஒரே தலையில் வேர்ப்பகுதி தெளிந்து, நுனி மட்டும் நீலமாகவோ சிவப்பாகவோ திட்டுத்திட்டாக நிற்பது உண்டு. மறுநாள் அலுவலகத்துக்கு இயல்பான தோற்றத்தில் போக வேண்டிய ஒருவருக்கு அது சிறிய வருத்தமாக இராது.

இதைத் தவிர்ப்பதற்கு உன் விரல்களே முதல் கருவி. உலர்ந்த முடியில் சில இழைகளைப் பிரித்து இறுகப் பிடித்து, மறுகையின் விரல்களால் நுனியிலிருந்து வேரை நோக்கி மெதுவாக வருடிப் பார். வழவழப்பாகச் சென்றால் செதில்கள் மூடியிருக்கின்றன. சொரசொரப்பாகத் தடுத்தால் முடி நிறத்தைக் குடிக்கும். ஐயம் இருந்தால் பிடரிக்கு மேலே, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றையில் சாயத்தைத் தடவி, உலரவிட்டு, பிறகு அதை ஷாம்புவால் அலசிக் காட்டு. ஸ்ட்ராண்ட் டெஸ்ட் என்று நாம் சொல்லும் இந்தச் சோதனையில் நிறம் எப்படித் தெரிகிறது என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அது முழுதாகப் போகிறதா என்பதையும் அதே கற்றையிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடு. தற்காலிகச் சாயத்தில் முடியை வெளிறச் செய்யும் பொருள் எதுவும் இல்லை. கருமுடியின்மேல் திரவச் சாயம் பெரும்பாலும் ஒரு சாயலாகத்தான் தெரியும். பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் ஒளிபுகா நிறமிகள் கொண்ட கலர் வேக்ஸ் (நிறம் கலந்த மெழுகு) அல்லது ஹேர் சாக் (முடிக்கான வண்ணச் சுண்ணக்கட்டி) பொருத்தமாக இருக்கும். நரைமுடியைத் தற்காலிகச் சாயம் ஓரளவு கலந்து மறைக்குமே தவிர, முழுவதும் மூடும் என்று வாக்குக் கொடுக்காதே. வெளிறிய முடியில் தெரியும் மஞ்சள் சாயலை ஊதாவும், ஆரஞ்சுச் சாயலை நீலமும் அடக்கும் என்பது நிறச்சக்கரப் பாடத்தில் வரும்.

அடுத்து தோல். சாயம் முடியில் தங்காமல் போகலாம். தோலில் ஒவ்வாமையை உண்டாக்கினால் அது சாயத்தோடு சேர்ந்து அலசிப் போகாது. நிரந்தரச் சாயங்களில் ஒவ்வாமைக்குப் பெயர்போன பாரா ஃபினைலின்டையமீன் தற்காலிகச் சாயங்களில் பொதுவாக இருப்பதில்லை என்றாலும், மற்ற நிறமிகளும் வாசனைப் பொருள்களும் பதப்படுத்திகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தயாரிப்பின் குறிப்பில் சொல்லியிருக்கும் முறைப்படி, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி, பொதுவாக 48 மணி நேரம் முன்னதாகவே பேட்ச் டெஸ்ட் செய்துவிடு. சிவப்போ அரிப்போ வீக்கமோ கொப்புளமோ தோன்றினால் அந்தச் சாயம் அவருக்கு வேண்டாம். சோதனையில் ஒன்றும் தோன்றவில்லை என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. வேலையின் நடுவில் எரிகிறது என்று அவர் சொன்னால், உடனே நிறுத்தி நிறைய நீர்விட்டு அலசு. முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சுவிடச் சிரமப்பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

பேச்சின்போது இன்னொன்றையும் கேள்: கருமருதாணி எனப்படும் தற்காலிகப் பச்சையை எப்போதாவது தோலில் வரைந்துகொண்டாரா, அப்போது தோல் அரித்ததா? நான் மேலே சொன்ன அதே பாரா ஃபினைலின்டையமீன் பல கருமருதாணிகளில் சேர்க்கப்படுகிறது. அதனால் ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பல ஆண்டுகள் கழித்தும் அதே பொருள் உள்ள முடிச்சாயம் பட்டால் அது கிளர்ந்தெழக்கூடும். அப்படிச் சொல்பவருக்குப் பேட்ச் டெஸ்ட்டும் செய்யாமல், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல். தலையில் வெட்டுக்காயம், புண், வீக்கம் இருந்தால் வேலையைத் தள்ளிவை. பேனோ படர்தாமரையோ தென்பட்டால் எந்தச் சேவையும் செய்யாமல், பிறர் காதில் விழாதபடி மென்மையாக எடுத்துச் சொல்லி அனுப்பு.

செயல்முறையை நீயே நாளடைவில் கைவரப்பெறுவாய். தோளில் துண்டும் மேலே சாயத்துக்கான மேலங்கியும் போர்த்து. நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் தடுப்புக் கிரீமைத் தோலில் மட்டும் பூசு. அது முடியில் பட்டால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. மூஸ் எனப்படும் நுரைச்சாயம், திரவச்சாயம் ஆகியவற்றை ஷாம்பு போட்டுத் துண்டால் ஒற்றிய ஈரமுடியில், நான்கு பகுதிகளாகப் பிரித்து, பிடரியிலிருந்து தொடங்கித் தடவி அகலப் பல் சீப்பால் சீராகப் பரப்பு. ஸ்ப்ரேயை உலர்ந்து அலங்காரம் முடிந்த முடியில், புட்டியில் குறித்த தூரத்தில், முகத்தைக் கையாலோ அட்டையாலோ மறைத்துத் தெளி. பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் எளிதில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. ஆகவே காற்றோட்டம் வேண்டும். அருகில் விளக்குச் சுடரோ சூடான அயர்னோ இருக்கக் கூடாது. புருவத்திலும் இமையிலும் முடிச்சாயத்தை ஒருபோதும் தடவாதே. கண்ணில் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான சுத்தமான நீரால் பல நிமிடங்கள் விடாமல் கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்பு. மழையிலும் வியர்வையிலும் நிறம் சட்டைக் கழுத்துக்கும் தலையணைக்கும் இறங்கும் என்று வீட்டுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உன் கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னோடு பணிபுரிந்த ஒரு தோழர், கையில் வந்த தோல் அழற்சி முற்றியதால் இந்தத் தொழிலையே விட்டுப் போனார் என்பது உனக்குத் தெரியாது. நாள் முழுவதும் ஈரத்திலும் ஷாம்புவிலும் இருக்கும் கையின் தோல் தன் காப்பை இழந்துவிடுகிறது. அதன் பிறகு எந்தப் பொருளும் எளிதில் உள்ளே இறங்கும். பவுடர் இல்லாத நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையைக் கேட்டு வாங்கு. லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாது. ஒருமுறை கழற்றிய கையுறையைத் திரும்பப் போடாதே. ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் விரலிடுக்கு வரை ஒற்றி உலர்த்தி, வாசனையற்ற கிரீமைத் தடவு. உன் விரல்களுக்கு இடையில் வறட்சியோ அரிப்போ தெரிந்தால், அதை மறைக்காமல் அன்றே ஆசிரியையிடம் சொல்.

பதிவு அட்டையில் முடியின் நிலை, செய்த சோதனைகளின் தேதி, முடிவு, பயன்படுத்திய சாயத்தின் பெயரும் எண்ணும், அலசியபின் மீதி நின்ற நிறம் ஆகியவற்றை எழுதிவை. அடுத்த முறை அவர் வரும்போது உன் இடத்தில் வேறொருவர் இருக்கலாம். அவருக்கு அந்த அட்டைதான் வழி.

அடுத்த வாரம் உனக்கு வரும் முதல் வாடிக்கையாளரின் முடி எப்படி இருந்தது, சோதனைக் கற்றையை அலசியபோது நிறம் போயிற்றா என்று விரிவாக எழுது. நம் பழைய தோழிகள் யாரையேனும் சந்தித்தால் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
செல்வி