பவளத்தொட்டி வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சனிக்கிழமை காலையில் கதவு திறக்குமுன்பே வாளியோடு வந்து நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக ஒரு குரல்பதிவு டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்து டொங்காட் வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சொந்த மைத்துனர். "அந்தக் கடைப் பவளம் எதுவும் வளர மாட்டேங்குது, உப்பில் கல்லுப்பைக் கலக்கிறார்கள்" என்கிறது அந்தக் குரல், தொட்டிக்குக் கடல்நீர் செய்ய நாம் விற்கிற உப்பைத்தான் சொல்கிறது. பேசியவர் யாரென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் வேண்டாம். பத்து வருஷமாக வந்துபோகிற மனிதர். விலை கூடிவிட்டது என்று திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கலப்படம் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

ஆமாம், பெரிய வாளி உப்பைப் பிரித்து 4 கிலோ பைகளாகப் போடுகிறோம். முழு வாளி வாங்க எல்லோர் கையிலும் காசு இருப்பதில்லை, நீங்கள் கேட்டுத்தான் அதைத் தொடங்கினேன். பிரிக்குமுன் வாளியை மூடியோடு தரையில் உருட்டுகிறோம், கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்ததில் பொடி ஒரு பக்கமும் பரல் ஒரு பக்கமும் ஒதுங்கியிருக்கும் என்பதற்காக. டர்பன் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பையைத் திறந்துவைத்தால் இரண்டு நாளில் உப்பு ஈரம் இழுத்துக் கட்டிவிடும். பிறகு அதை எடைபோட்டுக் கரைத்தால் எடையில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். குறைகிறதே என்று அப்போது என்னைக் கேட்கக்கூடாது.

சாப்பாட்டு உப்பைக் கலந்தால் அது சோதனையில் ஒளியாது. அதில் இருப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும்தான். உப்புத்தன்மை 35 பி.பி.டி.யைத் (ஆயிரத்துக்கு 35 பங்கு) தொட்டுவிடும், ஆனால் கால்சியமும் மக்னீசியமும் ஆல்கலினிட்டியும் (பவளம் எலும்பு கட்ட எடுக்கிற கார்பனேட்டின் அளவு, சுருக்கமாக ஆல்க்) கீழேயே கிடக்கும். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 410 மில்லிகிராம் சொச்சம், மக்னீசியம் 1,280 சொச்சம், ஆல்கலினிட்டி அதற்கான அலகில் 7 டி.கே.எச். அளவில் நிற்கும். போன சனிக்கிழமை கடையில் நின்றிருந்த மூன்று பேரையே அலமாரியிலிருந்து ஐந்து பைகள் எடுக்கச் சொல்லி, அவர்கள் கண்முன்னே கரைத்துச் சோதித்தேன். 35 பி.பி.டி.யில் கால்சியம் 425, மக்னீசியம் 1,310, ஆல்க் 8.2 என்று வந்தது. எண்களை எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குரல்பதிவுக்காரரும் தன் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தார். கால்சியம் 375, மக்னீசியம் 1,160. "பார்த்தீர்களா?" என்றார். உப்புத்தன்மை என்ன என்றேன். உப்புத்தன்மை பார்க்கும் அவர் ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்றது, நம்முடையது 31 என்றது. 35 என்று அளந்து விற்கிற திரவம் இருக்கிறதே, அதில் ஒரு சொட்டை அவர் கருவியில் விட்டேன். 39-க்குப் பக்கத்தில் போய் நின்றது. உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பூஜ்யம் பார்த்தால் போதும் என்று அவர் இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். பூஜ்யத்தில் சரியாக நிற்கிற கருவியும் மேலே போகப் போகப் பிசகலாம். நம் உப்பின் கால்சியம் 425-ஐ 31-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்துப் பாருங்கள், 376 வரும். கல்லுப்பும் இல்லை, கலப்படமும் இல்லை, தண்ணீரில் உப்பே போதவில்லை. மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு குரல்பதிவு இன்னும் வரவில்லை.

உப்பைச் சரி செய்தால் மட்டும் பவளம் வளர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. என் கண்ணில் அதிகம் படுகிற கோளாறு ஆல்கலினிட்டி ஏறி இறங்குவது. வெருலத்தில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் விளக்கு நம் கடையிலேயே விலை குறைந்தது. ஆனால் அவர் வீட்டு மொண்டிபோராப் பவளம் கண்ணாடியில் முட்டி மடிகிறது. தினமும் காலையில் காமாட்சி விளக்கேற்றிவிட்டு அதே கையோடு தொட்டிக்கும் ஆல்கலினிட்டி ஏற்றும் மருந்து ஊற்றுகிறார். ஆல்க் 8-ஐ விட்டு அசைவதில்லை. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு வாரத்துக்கானதை ஒரே மூச்சில் ஊற்றுகிறீர்கள். சனிக்கிழமை 6, திங்கட்கிழமை 10. ஆக்ரோபோராப் பவளத்தின் நுனி வெந்துபோகாமல் என்ன செய்யும்? மருந்தை மூன்று நாள் நிறுத்தி, தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் தொட்டி தின்கிற அளவு, அதை மட்டும் தினம் திருப்பிக் கொடுங்கள். ஆல்க் 2.8 இறங்கும்போது கால்சியம் 20 தான் இறங்கும். அதனால் கால்சியம் அசையவில்லையே, பவளம் எதையும் எடுக்கவில்லையோ என்று பயப்படாதீர்கள்.

இன்னொரு கூட்டத்துக்குச் சுத்தத்தின் மேல் பைத்தியம். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். பவளத்தின் தசைக்குள் இருக்கிற பாசிக்கும் சாப்பாடு வேண்டாமா? வெளுத்து, நிறம் போய், வளர்ச்சி நின்று, கடைசியில் மணல் மேல் பழுப்புச் சளி படர்கிற வரை கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரைக் கதற விடுகிறீர்கள். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் இருக்கட்டும். அதற்காக அளவு தாண்டவும் கூடாது, பாஸ்பேட் கூடினால் எலும்பு கட்டுவது மந்தமாகும். வெளிச்சம், நீரோட்டம் பற்றி எத்தனை முறை சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் மறுபடி சொல்கிறேன், புது விளக்கை முதல் நாளே முழுசாக எரிய விடாதீர்கள். லெதர் என்கிற மென்பவளத்தையும் ஆக்ரோபோராவையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பவர்கள் தண்ணீரை வடிகட்டும் கார்பனை மாதாமாதம் மாற்றுங்கள். லெதர் தண்ணீரில் விடுகிற விஷம் கண்ணுக்குத் தெரியாது. மூளைப் பவளம் வாங்கியவர்களுக்குப் பொறுமைதான் மருந்து, அது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

இது ஆடி மாதம். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கேஸ் அடுப்பில் கூழ் காய்ச்சுகிறோம், வீடு நிறைய ஆட்கள். அந்தக் காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தொட்டிக்குள் இறங்கி பி.எச். 7.8-க்கு வந்துவிடும். ஒரு கிளாஸ் தொட்டித் தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஒரு மணி நேரம் காற்றுக்குழாய் விட்டுப் பாருங்கள். பி.எச். ஏறினால் குற்றவாளி வீட்டுக் காற்று, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாலே போதும். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விடுவதும் நல்லதுதான். ஆனால் பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து விட்டுவிடாதீர்கள், ஒருவர் விட்டார், பாட்டியும் கோபித்தார், மீனும் போனது. மருந்துத் தரமான கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும் வாங்குங்கள். அந்தத் தண்ணீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், கையுறை போடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 10, 20 என்று ஏறினால் பாஸ்பேட், சிலிகேட், பழைய குழாயின் செம்பு எல்லாம் கூடவே வரலாம். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும்தானே. நின்று நின்று வருகிறது, வந்தால் முதல் அரை மணி நேரம் தேநீர் நிறம். வடிகட்டிகள் முன்போல் உழைப்பதில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் ரெசினும் வெளிநாட்டுச் சரக்கு, உப்பும் வெளிநாட்டுச் சரக்கு, இரண்டையும் டாலரில் வாங்கி ராண்டில் விற்கிறேன். அதனால் அடுத்த மாதம் முதல் 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் 30 ராண்டிலிருந்து 38 ராண்ட் ஆகிறது, 4 கிலோ உப்புப் பை 45 ராண்ட் கூடுகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை வாங்கிய தண்ணீரில் டி.டி.எஸ். சற்றே ஏறியிருந்தது, ரெசின் மாற்றியாயிற்று, ரசீது வைத்திருப்பவர்கள் இரண்டு கேன் தண்ணீர் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பவளத்துண்டுகளின் விலை ஏறவில்லை, அவை நம் கடைத் தொட்டிகளிலேயே வெட்டி வளர்த்தவை. வடக்கே சொட்வானாக் கடலில் பவளம் கொட்டிக் கிடக்கிறதே, அங்கிருந்து கொண்டுவரலாமே என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு: அது பாதுகாக்கப்பட்ட கடல், ஒரு விரலளவு ஒடித்தாலும் குற்றம்.

கடையில் உங்கள் தண்ணீரைச் சோதனை செய்துகொடுத்த நம் தம்பி கேப் டவுனுக்குப் போய்விட்டான். நல்ல வேலை, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவன் போனபிறகு நான்தான் சொட்டு எண்ணுகிறேன். 61 வயதில் நிறம் எந்தச் சொட்டில் மாறுகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை, என் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அவளுக்குச் சனிக்கிழமைதான் ஒழிவு. அதனால் இனிமேல் சோதனை சனிக்கிழமை 9 மணி முதல் 1 மணி வரை மட்டும், கட்டணம் 40 ராண்ட். இத்தனை வருஷம் காசு வாங்காமல் செய்ததற்குக் கட்டணம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2021 ஜூலைக் கலவரத்தில் ஊரே எரிந்தபோது தெருமுனையில் இரவெல்லாம் நின்று இந்தக் கடையைக் காத்தது யார் என்று எனக்கு மறக்காது. லோட் ஷெடிங் காலத்தில் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது பேட்டரிப் பம்பை பக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து என் தாய்ப்பவளங்களைக் காப்பாற்றினீர்கள், இருட்டில் பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) வாங்கிவந்து கல்லாவின் மேல் வைத்துச் சாப்பிட்டோம். இன்று அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அந்தப் பவளங்களின் பிள்ளைதான். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு நல்ல சொல் வரவில்லை. நேரில் வாருங்கள், டீ இருக்கிறது.

குரல்பதிவு அண்ணனும் வரலாம். 35 பி.பி.டி. திரவம் ஒரு குப்பி உங்கள் பெயர் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன், காசு வேண்டாம்.

ஆடி வெள்ளிகளில் கடை மதியம் 12 மணிக்கே அடைத்துவிடும், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற வேலை இருக்கிறது. காலிக் கேன்களைக் கழுவிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்