கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை

இணையம் வழியாகத் திரைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவரும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து 'இ.டி.' பார்த்தேன். பூமியில் தனியே விடப்பட்ட ஒரு வேற்றுலக உயிரும் ஒரு பையனும் நண்பர்களாகும் கதை, 1982-இல் வந்த படம். எனக்கு எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை, அவளுக்கு முதல் தடவை. கடைசிக் காட்சியில் விண்கலம் கிளம்பிப் போகிறது. அது போன தடத்தில் வானவில் தெரிகிறது. அந்தப் பையனின் முகம் திரையில் நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் முழங்குகிறது. மகள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். திரை இருண்டு பெயர்கள் வரத் தொடங்கின. அந்த நொடியில் படம் ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. நடுவில் வேறொரு படத்தின் போஸ்டர் பெரிதாக வந்து நின்று பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பித்தது. ரிமோட் எங்கே என்று தேடி எடுப்பதற்குள் அந்தப் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

"அப்பா, மியூசிக் இன்னும் முடியலையே?" என்றாள் மகள்.

முடியவில்லைதான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்த ஏற்பாட்டை ஏன் செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. தொடர் பார்க்கிறவர் அடுத்த பகுதிக்குச் சீக்கிரம் போக நினைப்பார். பத்துப் பகுதிகளுக்கும் ஒரே டைட்டில் என்றால் தாண்டத்தான் தோன்றும். சரி, அங்கே அது இருக்கட்டும். ஆனால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்து இசையமைத்த படத்தில், பெயர்கள் ஓடும் அந்த நேரம் படத்தின் ஒரு பகுதி. எனக்கு அது பல படங்களில் மிகப் பிடித்த பகுதியும்கூட.

படம் ஓடும்போது இசையமைப்பாளருக்குத் தனக்கென்று இடம் கிடையாது. வசனம் வந்தால் வாத்தியங்கள் தணிய வேண்டும். வெடிச்சத்தம் வந்தால் பித்தளை வாத்தியங்கள் எவ்வளவு ஊதினாலும் கேட்காது. காட்சி நாற்பது நொடி என்றால் இசையும் நாற்பது நொடிதான். ஒரு அழகான மெட்டு அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தாலும் வெட்டு வந்ததும் நின்றுவிட வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படி விட்டுக்கொடுத்தே வந்த இசை, பெயர்கள் ஓடும்போதுதான் முதன்முறையாக யாருக்கும் வழிவிடாமல் நிமிர்ந்து நடக்கிறது. படம் முழுக்கத் துண்டு துண்டாகக் கேட்ட மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முழுசாக வருகின்றன.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980. கதை தோல்வியில் முடிகிறது. நண்பர்களில் ஒருவர் எதிரிகளிடம் சிக்கியிருக்கிறார், நாயகனுக்குக் கை போயிருக்கிறது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலுக்குள் குருவுக்கான மெல்லிய மெட்டு, எதிரிப் படைக்கான அணிவகுப்பு இசை, காதலர்களுக்கான மெட்டு என்று மூன்றையும் கோத்திருக்கிறார். அந்தக் காதல் மெட்டு மெல்ல எழுந்து வயலின்கள் மொத்தமாக ஏந்தும்போது, கதை சொல்லாமல் விட்ட ஆறுதலை இசை சொல்லிவிட்டுப் போகும். அதைக் கேட்காமல் எழுந்து போகிறவர் படத்தின் முடிவைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பேன்.

'ஜுராசிக் பார்க்' இன்னொரு விதம். அத்தனை ஓட்டமும் அலறலும் முடிந்து ஹெலிகாப்டரில் எல்லோரும் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே கடல்மேல் பறவைகள் பறக்கின்றன. முதலில் ஆர்க்கெஸ்ட்ரா கம்பீரமாக முழங்கிய அதே மெட்டு இப்போது பியானோவில், தனியாக, தாலாட்டுபோல வருகிறது. அந்தப் பியானோ பெயர்ப்பட்டியலுக்குள் நம் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. அங்கே ஒரு கவுண்ட்டவுன் பெட்டி வந்து நிற்பது, தூங்கத் தொடங்கிய குழந்தையைத் தட்டி எழுப்புவதுபோல இருக்கிறது.

மறுபடி 'இ.டி.'க்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கடைசிக் காட்சி பதிவான விதத்தை நீங்கள் கட்டாயம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 15 நிமிடக் காட்சி. வில்லியம்ஸ் திரையில் படத்தை ஓடவிட்டு, அதற்கு நேராக இசைக்குழுவை நடத்திப் பார்த்தார். சைக்கிள்கள் எழும்பும் இடம், விடைபெறும் இடம் எல்லாவற்றிலும் இசை நொடி பிசகாமல் போய் உட்கார வேண்டும். எத்தனை முறை வாசித்தும் அவருக்குத் திருப்தியாக வரவில்லை. இயக்குநர் ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்தச் சொன்னார். கச்சேரியில் நடத்துவதுபோல உங்கள் இஷ்டத்துக்கு நடத்துங்கள், படத்தை நான் இசைக்கேற்ப வெட்டிக்கொள்கிறேன் என்றார். அப்படியே செய்தார். படம் இசைக்கு வழிவிட்ட அபூர்வமான தருணம் அது. ஒரு இயக்குநர் தன் படத்தையே இசைக்காகத் திருத்திய இடம் முடிந்த கையோடுதான் உங்கள் பெட்டி வந்து நிற்கிறது.

எனக்கு ஆர்க்கெஸ்ட்ரா பற்றித் தெரிந்ததெல்லாம் படங்களிலிருந்து வந்ததுதான். ஓபோ என்று ஒரு குழல் வாத்தியம் இருப்பதே 1986-இல் வந்த 'தி மிஷன்' படத்தில்தான் தெரிந்தது. காட்டுக்குள் ஒரு பாதிரியார் தனியாக உட்கார்ந்து அதை வாசிக்கிறார். அம்பும் வில்லுமாகப் பழங்குடி மக்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. எனியோ மோரிக்கோனி எழுதிய அந்த மெட்டைக் கேட்டவர் யாரும் அந்த வாத்தியத்தின் குரலை மறக்க முடியாது. அப்புறம் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தில், குதிரை வீரர்களின் நாட்டுக்கு இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர், வயலின் போன்ற நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலைக் கொடுத்திருப்பார். வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் தொடப்படாத தந்திகளும் உண்டு. மேலே வாசிக்கும்போது அவை தாமாக அதிரும். பாழடைந்த ஒரு அரண்மனைமேல் காற்று வீசுவதுபோல அந்த ஒலி இருப்பதற்கு அந்த அடித்தந்திகள்தான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டபோது, அந்தக் காட்சியை மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1960-இல் 'சைக்கோ' படத்துக்கு அவர் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். டிரம்பெட் இல்லை, புல்லாங்குழல் இல்லை, மேளம் எதுவுமே இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு இசை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் இருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியதைக் கேட்டபின் மனதை மாற்றிக்கொண்டார். காதல் காட்சிக்கு வாசிக்கும் அதே வயலின், அதே வில். அதை மேல் ஸ்தாயியில் கீறிக் கீறி இழுத்தால் கத்தியாகிவிடுகிறது. இன்றுவரை பயம் என்றாலே உலகம் முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் வாயால் செய்து காட்டுகிறார்கள்.

அவருடைய கடைசிப் படம் 'டாக்ஸி டிரைவர்'. 1975 டிசம்பர் 23-ஆம் தேதி இசைப்பதிவை முடித்துவிட்டு ஓட்டல் அறைக்குப் போனவர், விடிவதற்குள் தூக்கத்திலேயே இறந்துபோனார். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி அந்தப் படத்தில் அவருக்கு நன்றியும் மரியாதையும் தெரிவித்து, பிறந்த நாளும் இறந்த நாளும் போட்டு ஒரு அட்டை வைத்திருக்கிறார். அந்த அட்டை இருப்பது படத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியலில். உங்கள் பெட்டி மறைப்பது எதையெல்லாம் என்று இப்போது தெரிகிறது அல்லவா?

இறுதி டைட்டில் இசையில் கைவைத்த முதல் ஆட்கள் நீங்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1979-இல் 'ஏலியன்' படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஒரு முடிவிசை எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துவிட்டு, ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியைப் போட்டார்கள். ஹான்சனின் இசை அழகானதுதான். ஆனாலும் கோல்ட்ஸ்மித் எழுதியதை இசைத்தட்டில் கேட்கும்போதெல்லாம், இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சத்துக்கு வரும் அந்த இசை அது பிறந்த இடத்தில் இல்லையே என்று மனம் கனக்கிறது. இதே மனிதர்தான் 1974-இல் 'சைனாடவுன்' படத்துக்கு, முன்பு எழுதிய ஒருவரின் இசை ஒத்துவராமல் போனதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, பத்தே நாளில் முழு இசையையும் எழுதினார். நான்கு பியானோ, நான்கு ஹார்ப், தந்தி வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், ஒரே ஒரு டிரம்பெட். அந்தத் தனி டிரம்பெட்டில் ஒரு நகரத்தின் மொத்தத் தனிமையும் இருக்கிறது. வாசித்தவர் யூவன் ரேசி.

அந்தப் பெயரை ஏன் சொன்னேன் என்றால், வாசித்தவர்களின் பெயர் எங்கேயும் கிடைப்பதில்லை. 1977-இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 'ஸ்டார் வார்ஸ்' இசையைப் பதிவு செய்தபோது முதன்மை டிரம்பெட் வாசித்தவர் மாரிஸ் மர்ஃபி. அந்த வருடம்தான் அவர் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தார். படத்தின் பெயர் திரையில் பாயும்போது கூடவே பாய்கிறதே, அந்த டிரம்பெட் அவருடையது. பல கோடிப் பேர் அந்த மூச்சைக் கேட்டிருக்கிறோம். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இப்படி வாசிக்கிறவர்களில் பலர் நோட்ஸை முதன்முறையாகப் பார்ப்பதே பதிவுக்கூடத்தில்தான். காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓட, எண்பது, தொண்ணூறு பேர் ஒரே மனதாக ஒரு காட்சிக்கு உயிர் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திரைப்படங்களுக்கு, பெயர்ப்பட்டியல் முழுத் திரையில் முழு ஒலியோடு கடைசிவரை ஓடுவதை இயல்பான அமைப்பாக வையுங்கள். தாண்ட விரும்புகிறவருக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு பொத்தான் போதும். ஒன்றும் அழுத்தாமல் உட்கார்ந்திருப்பவரை, கேட்க விரும்புகிறவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களில் சிலரிடம் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது, ஆனால் அது அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில் கிடக்கிறது, அதை நிறுத்தினாலும் படம் சுருங்குவது எல்லா இடத்திலும் நின்றுவிடுவதில்லை. தேடும் இடத்தில் நடிகர், இயக்குநர் பெயர்போல இசையமைப்பாளர் பெயரையும் சேருங்கள். ஹெர்மன் என்று போட்டால் அவர் இசையமைத்த படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். படத்தைப் பற்றிய பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரையும், எழுதிய இசையை வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவரின் பெயரையும், தெரிந்தவரைக்கும் தனி வாசிப்பு வாசித்தவர்களின் பெயரையும் போடுங்கள்.

இன்னொரு ஆசையும் உண்டு. டிவிடி காலத்தில் சில படங்களுக்கு இசை மட்டும் தனியாக ஒலிக்கும் ஒரு தடம் வைத்திருந்தார்கள். வசனம் இல்லாமல், சத்தங்கள் இல்லாமல், காட்சியும் இசையும் மட்டும். ஒரு காட்சியில் இசை எங்கே நுழைகிறது, எங்கே மௌனமாகிறது என்பதை அதில்தான் நான் கற்றுக்கொண்டேன். உரிமைச் சிக்கல்கள் இருக்கும், எல்லாப் படத்துக்கும் முடியாது. முடிந்த பத்துப் படத்துக்காவது கொடுத்துப் பாருங்கள்.

முதலில் கேட்டதை மட்டுமாவது சீக்கிரம் செய்யுங்கள், எனக்கு அவசரம் இருக்கிறது. மகள் 'ஸ்டார் வார்ஸ்' பழைய மூன்று படங்களையும் பார்த்து முடித்துவிட்டாள். அடுத்தது 1999-இல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்'. அதில் வரும் ஒரு குட்டிப் பையனுக்கு வில்லியம்ஸ் ஒரு கள்ளமில்லாத மெட்டு கொடுத்திருக்கிறார். அவன் பெரியவனானதும் யாராகப் போகிறான் என்பதை அந்த மெட்டுக்குள்ளேயே எதிரிப் படையின் பழைய அணிவகுப்பு இசையின் சில சுரங்களாக ஒளித்தும் வைத்திருக்கிறார். பெயர்ப்பட்டியலின் கடைசியில் அந்த மெட்டுதான் வருகிறது. அது அடங்கி, எல்லாப் பெயரும் போய், திரை வெறுமையானபின், கவசத்துக்குள்ளிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வரும். அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். நான் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்