ரொபோ வழி தவறினால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து விடுதிகளில் கூட்டித் துடைக்கும் ரொபோ இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பி வைத்ததால் சில வீடுகளிலும் ஓடுகிறது. அது வழி தவறத் தொடங்கியதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "லேசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. சுவர்களின் தூரத்தை அளந்து வழி காட்டும் இந்த லேசர் பழுதாவதும் உண்டுதான். ஆனால் மலைநாட்டு வீட்டின் தரையையும் படியையும் மூடுபனியையும் அறிந்தவர்கள் முதலில் இயந்திரத்தை நிறுத்தி, கவிழ்த்து, அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவற்றை வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

எப்படித் தடுமாறுகிறது என்பதைப் பத்து நிமிடம் கூடவே நின்று கவனியுங்கள். சமதரையில் போய்க்கொண்டிருந்தது திடீரெனப் பின்வாங்கினால் பள்ளம் பார்க்கும் சென்சர். எதிலும் முட்டாமலே முட்டியது போல விலகி விலகித் திரும்பினால் பம்பர், அதாவது முட்டினால் உள்ளே அமுங்கும் முன்பக்கத் தகடு. ஒரே பக்கமாக வட்டமடித்தால் பெரும்பாலும் சில்லு. போனில் விழும் வீட்டு வரைபடம் கோணலாகி, ஒரே அறை இரண்டு தடவை தெரிந்தால், சில்லு வழுக்குகிறது அல்லது லேசரின் கண் மங்கியிருக்கிறது. வேலையெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும்போது மட்டும் தொலைந்துபோனால் சார்ஜ் ஏறும் டொக்கில் கோளாறு. சில மாடல்கள் தாங்களாகவே எண் சொல்லும். ரோபோரொக் மாடல்களில் 1 என்றால் லேசர், 2 என்றால் பம்பர், 3 என்றால் சில்லு, 4 என்றால் பள்ளம் பார்க்கும் சென்சர். மற்றக் கம்பனிகளில் எண்கள் மாறும். ஒன்று மட்டும்: வரைபடத்தை இயந்திரமே தனக்குள் கணக்குப் போட்டு வரைகிறது. வைபை பலவீனமாக இருப்பதால் அது சுவரில் முட்டுவதில்லை. ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை.

இங்கே ஆட்களை அதிகம் ஏமாற்றுவது பள்ளம் பார்க்கும் சென்சர்தான். அடியில், ஓரத்தை ஒட்டி, விரல் நகமளவு கறுப்புச் சன்னல்கள் நான்கோ ஆறோ இருக்கும். ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. ஒளி திரும்பாவிட்டால் முன்னால் படி என்று முடிவுகட்டிப் பின்வாங்கும். கறுப்புக் கம்பளமும் கறுப்புத் தரையோடும் ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கேயும் அதே முடிவுதான். சிவப்புச் சீமெந்துத் தரையில் நிறத்தால் வரும் தொல்லையைவிடப் பொலிஷால் வரும் தொல்லை பெரிது. பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கிய கையோடு ரொபோவை விட்டால், ஈரத் துணி மெழுகை இழுத்துக்கொண்டு போகிறது. அது சில்லில் ஏறி, சென்சர் சன்னல்களிலும் படலமாகப் படிகிறது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். டோர்ச்சைச் சாய்த்து அடித்தால் பால் தடவியது போல மங்கல் தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தால் இந்தப் படலம் போகாது, இடம்தான் மாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து துடைக்க வேண்டும். பிறகு தண்ணீரில் மட்டும் நனைத்த துணி, கடைசியாக உலர்ந்த துணி. தின்னர், டேர்பன்டைன் பக்கம் போகவே வேண்டாம். சன்னலின் பிளாஸ்டிக் வெளுத்துப்போனால் மீளாது. பொலிஷ் போட்ட நாளில் ரொபோவுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

கறுப்புத் தரைக்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: சன்னலின் மேல் வெள்ளைத் தாளை வைத்து டேப் ஒட்டிவிட்டால் இயந்திரம் எங்கும் தயங்காதாம். தயங்காது, உண்மை. படியிலும் தயங்காது. ஹோலிலிருந்து குசினிக்கு இரண்டு படி இறங்காத வீட்டை எங்கள் மலைச்சரிவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள சாமான் தலைகீழாக விழும்போது முதலில் அடிபடுவது மேலே துருத்திக்கொண்டிருக்கும் லேசர் குமிழ். அப்போது கடைக்காரர் சொல்வது மெய்யாகிவிடும். கறுப்புக் கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள், அல்லது போனில் அந்த இடத்தைத் தடைப்பகுதியாகக் குறித்துவிடுங்கள்.

அடுத்தது சில்லு. இரண்டு பெரிய சில்லுகளையும் உள்ளே அமுக்கி விட்டால் ஒரே மாதிரி வெளியே துள்ள வேண்டும். கையால் சுற்றும்போது ஒன்று இலகுவாகவும் மற்றது இறுக்கமாகவும் இருந்தால் அச்சில் ஏதோ சுற்றியிருக்கிறது. தலைமுடி, கம்பளி நூல், தேங்காய் மட்டைத் தும்பு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். முன்பக்கத்துச் சிறிய சில்லு அநேக மாடல்களில் கையால் இழுத்தாலே கழன்று வரும். அதன் குழிக்குள் அடைந்திருக்கும் முடியைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். றப்பர் பகுதியில் மெழுகு ஏறியிருந்தால் முன் சொன்ன சோப்புத் துணியால் கழுவித் துடையுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைச் சில்லு சுற்றிய அளவை வைத்துத்தான் ரொபோ கணக்கெடுக்கிறது. சில்லு நின்ற இடத்தில் வழுக்கினால் ஒரு மீற்றர் போனதாக நினைத்து அரை மீற்றர்தான் போயிருக்கும். லேசர் இந்தப் பிழையைத் திருத்தப் பார்க்கும். பிழை கூடிக்கொண்டே போனால் அதுவும் கைவிட்டுவிடும். துடைக்கும் துணி தண்ணீர் ஒழுக ஒழுக இருந்தாலும் இதே வழுக்கல்தான். தண்ணீர் அளவைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். தொட்டிக்குள் நுரை வரும் கிருமிநாசினி எதையும் ஊற்றாதீர்கள்.

பம்பருக்கு அதிக நேரம் வேண்டாம். இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் மெதுவாக அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் "டிக்" என்று போய்த் திரும்ப வேண்டும். திரும்பாத பக்கத்தில் சிறு கல்லோ மணலோ சிக்கியிருக்கும். தட்டியோ ஊதியோ எடுத்துவிடலாம்.

இனி லேசர். மேலே வட்டமான குமிழுக்குள் பெரும்பாலான மாடல்களில் வினாடிக்கு 5 சுற்று அளவில் சுழன்று, சுற்றியுள்ள சுவர்களின் தூரத்தை அளக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். சுழலாவிட்டால் உள்ளே முடி, அல்லது சின்ன றப்பர் பட்டி கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம். பட்டி மட்டும் போனதற்கு முழுத் தொகுதியையும் மாற்றத் தேவையில்லை. நன்றாகச் சுழன்றும் படம் சிதறினால் மூடுபனியை நினையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். குளிர்ந்த விறாந்தையில் இரவு முழுக்கக் கிடந்த இயந்திரத்தைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடிப்பது போல லேசரின் கண்ணிலும் பிடிக்கும். இல்லாத இடத்தில் சுவர் வரையும். ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து ஓட்டினால் போதும். மூடுபனி உள்ளே வரும்போது சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். கணப்புச் சாம்பல் கிடக்கும் இடத்தைத் தடைப்பகுதியாக்குவது நல்லது. சாம்பல் வடிகட்டியை அடைக்கும், தணல் இருந்தால் உருகவே வைக்கும்.

லேசர் இல்லாமல் கமெராவால் வழி பார்க்கும் மாடல்களுக்கு வெளிச்சம் வேண்டும். மழைக்காலத்து மந்தாரத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே அவை தடுமாறும். விளக்கைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

விடுதிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, காட்சி பார்ப்பதற்காகத் தரைவரை இறக்கிப் போட்ட கண்ணாடி. லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவி வெளியே போய்விடுகிறது. அலுமாரியின் நிலைக்கண்ணாடியிலோ பட்டுத் தெறிக்கிறது. வரைபடத்தில் வீட்டுக்கு வெளியே புதிதாய் ஓர் அறை முளைப்பது இதனால்தான். தரையிலிருந்து லேசர் குமிழின் இடைவெளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து (பல மாடல்களில் 8 முதல் 10 சென்ரிமீற்றருக்குள் வரும்), அந்த உயரம் நடுவில் வரும்படி 5 சென்ரிமீற்றர் அகலமான ஒளி புகாத தாளைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். காட்சி கெடாது. ரொபோவும் சுவர் இருப்பதை உணரும்.

டொக் சுவரோடு ஒட்டி, சமதரையில், நேர்வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும். இரு பக்கமும் அரை மீற்றர், முன்னால் ஒன்றரை மீற்றர் வெறுமையாக இருக்கட்டும். அது அனுப்பும் அகச்சிவப்புச் சமிக்ஞையைப் பிடித்துத்தான் ரொபோ கடைசி அடிகளை நேராக்கிக்கொள்கிறது. கரண்ட் போனால் சமிக்ஞையும் போய்விடும். மின்வெட்டு நேரத்தில் வாசலில் நின்று தவிப்பது பழுதல்ல. ஓடிக்கொண்டிருப்பதை இடையில் தூக்கி வேறு அறையில் விடுவதும் தவறு. தூக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் இடைநிறுத்தி, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு பழைய வரைபடத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரையுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் துடைக்கும் துணியையும் கழற்றுங்கள். பற்றரியை முழுதாக ஏற்றுங்கள். கதிரைகளைத் தூக்கி வைத்து, செருப்பு, வயர்களை அகற்றி, உள் கதவுகளைத் திறந்து, டொக்கிலிருந்தே புறப்பட விடுங்கள். ஆட்கள் அங்கே நடமாட வேண்டாம். கால்களையும் தூண் என்று வரைந்துவிடும். நிலைப்படி 2 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் பல மாடல்கள் ஏறாது. அப்படியான அறைகளைத் தனி வரைபடமாக வைத்துக்கொள்வதே புத்தி.

இவற்றை விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் இருப்பது சீனத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட புத்தகம். விடுதியில் அதை இயக்குவது பெரும்பாலும் அறை துப்புரவு செய்யும் எங்கள் பெண்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு தாள், படத்தோடு, பெட்டிக்குள் போட்டுக் கொடுக்க அதிகம் செலவாகாது. வாசகர்களுக்கும் ஒன்று: லேசரை மாற்றியே ஆக வேண்டும் என்று கடையில் சொன்னால், மாற்றிய பின் உங்கள் கண்முன்னே ஓட்டி, முழு வரைபடம் விழுவதைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துவோர் சிலர்,
ஹட்டன்.