வேலிச் சங்குப்பூ

பிரிஸ்பேன்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது என் தப்புதான். நத்தை விஷத்திலிருந்து வருகிற வலி மருந்தைச் செடிக்குள் செய்யப் பார்க்கிறேன் என்று நான் சொன்னதும், பொங்கலன்று போனில் "விஷத்தைக் கொண்டுபோய்ச் செடியில வைக்கிறியேடா, உருப்படுவியா?" என்று நீ கத்தினாயே, அதற்குப் பதில் அன்றிலிருந்து மனசிலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

அம்மாவின் கடைசி மூன்று மாதம் உனக்குத் தெரியும். மார்ஃபின் மாத்திரைக்கு நீதான் பைக்கில் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்தாய். அப்போதே உலகத்தில் இன்னொரு மருந்து இருந்ததடா. கூம்பு நத்தை என்கிற கடல் நத்தையின் விஷத்திலிருந்து வந்த ஜிகோனோடைடு. 2004லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. வலிச் சேதி ஏறுகிற கால்சியம் வாசலைத் தண்டுவடத்திலேயே அடைத்துவிடும். ஆனால் பம்பு வைத்து முதுகுத்தண்டு நீருக்குள் ஏற்ற வேண்டும். நம் ஊரில் அம்மாவுக்கு யார் அதைச் செய்திருப்பார்கள்?

இது ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். இந்த மாதிரிப் பெப்டைடை வாயில் போட்டால் வயிறு செரித்துவிடும். அதற்கு வழி காட்டியது ஒரு கஷாயம். 1960களில் காங்கோவில் பெண்கள் பிரசவம் சீக்கிரம் ஆக ஒரு செடியைக் கொதிக்க வைத்துக் குடிப்பதை நார்வே டாக்டர் லோரென்ட்ஸ் கிரான் கவனித்தார். கொதித்தும் கெடாத அந்தப் பெப்டைடு, தலையும் வாலும் ஒட்டிய வளையம் என்பது பின்னால் தெரிந்தது. இங்கே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரெய்க்கின் குழு ஒரு நத்தைப் பெப்டைடை அதேபோல வளையமாக்கி, வாய்வழியே கொடுத்தே வலி குறைவதை 2010ல் காட்டியது. எலிகளில்தான். இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை ரசாயனமாகக் கோத்துச் செய்தால் செலவு அதிகம், கரைப்பான்கள் ஏராளம். செடிக்கு வெயிலும் தண்ணீரும் போதும். வளையத்தைப் பூட்ட ஒரு நொதி வேண்டும். மிக வேகமாகப் பூட்டுவது எதில் கிடைத்தது தெரியுமா? சங்குப்பூவில்! 2014ல் சிங்கப்பூரில் கண்டுபிடித்தார்கள்.

அந்த நொதியின் மரபணுவையும் பெப்டைடின் மரபணுவையும் சுமந்த பாக்டீரியாவைத்தான் புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் இலைக்குள் ஏற்றுகிறேன். ஊசி கழற்றிய சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து மெல்ல அழுத்தினால், ஈரம் கரும்பச்சையாக நரம்புவரை பரவும். ஆறாம் நாள், அதுதான் அந்த வெள்ளிக்கிழமை, இலையை அரைத்துப் பெப்டைடின் நிறை பார்த்தோம். நேராகக் கிடக்கும் பெப்டைடை விட 18 டால்டன் குறைவு, ஒரு தண்ணீர் மூலக்கூறின் நிறை அதுதான். பூட்டும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். வளையம் உருவாகிவிட்டது! இது அந்தக் காங்கோப் பெப்டைடு. நத்தையினுடையது அடுத்தது.

உன் பயத்தை நான் தள்ளவில்லை. 2002ல் நெப்ராஸ்காவில் மருந்துக்காகப் பயிரிட்ட மக்காச்சோளம் சோயாவில் கலந்து, அத்தனை சோயாவும் வீணாயிற்று. அதனால் சாப்பிடுகிற பயிரில் இதை வைக்கவே கூடாது என்பதில் நான் உன் பக்கம். எங்கள் செடிகள் கண்ணாடி வீட்டுக்குள்தான். ஏற்றிய மரபணு அந்த இலையோடு சரி, விதைக்குப் போகாது.

உன் வேலியில் அம்மா நட்ட சங்குப்பூக் கொடி இன்னும் இருக்கிறதா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. காய் பிடித்திருந்தால் அதுவும் தெரிய எடு.

உன்,
குமரன்